பிளாசியாரின் எண்ணெயும் என் கழுத்துக் கோடுகளும்

என் குரல் முதன்முதலில் உடைந்தது ஒரு பன்றிக்குட்டியின் கதையில்.

பாறசாலைக்குத் தெற்கே கேரள எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்க் கோயில் புனித பிளாசியார் பெயரில் உள்ளது. பெருநாளுக்கு முந்தைய நவநாட்களிலும் (ஒன்பது நாள் செபம்) பெருநாளன்றும் அவருடைய சரித்திரத்தில் ஒரு பகுதியை வாசிப்பது இருபது வருடமாக என் பொறுப்பு. பள்ளிக்கூட டீச்சர், மைக் தேவைப்படாத சத்தம் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஏழை விதவை ஒருத்தியின் பன்றிக்குட்டியை ஓநாய் தூக்கிக்கொண்டு போகும். பிளாசியார் அதட்டியதும் திரும்பக் கொண்டுவந்து விடும். அந்த அதட்டலை நான் வாசித்தபோது சத்தத்துக்குப் பதில் வெறும் காற்று வந்தது. முன் வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

சளி என்றேன். அடுத்த வாரமே பெருநாள். அன்று பங்குச் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து ஆசீர்வதிப்பார். பிளாசியார் தொண்டைக்குப் பாதுகாவலர். மெழுகுதிரி வைத்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். சரியாகவில்லை. வெயில் என்றேன். ஜூனில் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவை வாசிக்கவே முடியவில்லை. சாக்பீஸ் தூசி என்றேன். எனக்குத்தான் எத்தனை காரணங்கள் தெரிந்திருந்தன!

ஜூலையில் என் கணவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக பாறசாலையில் பஸ் ஏற்றித் திருவனந்தபுரம் கூட்டிப்போனார். லாரிங்கோஸ்கோப்பி (குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது), பிறகு பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது). குரல்நாணில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம்தான், அறுவை சிகிச்சை வேண்டாம், கதிர்வீச்சே போதும் என்றார் டாக்டர்.

“டீச்சர் பீடி வலிக்குமோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஊரில் ஆளாளுக்கு அதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் பீடி வலிப்பவர்கள்.

ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. கழுத்தின் இரு பக்கமும் ஊதா மையால் கோடு போட்டார்கள். கதிர் சரியாக அந்தக் கட்டத்துக்குள்தான் விழ வேண்டும். டாக்டரின் கட்டளைகள் மூன்று. பேசக் கூடாது. கழுத்தில் தண்ணீரோ சோப்போ எண்ணெயோ படக் கூடாது. ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

மூன்றாம் வாரம் மியூக்கோசைட்டிஸ் (தொண்டையின் உள்தோல் வெந்துபோவது) வந்தது. எச்சில் விழுங்குவது முள்ளை விழுங்குவதாக இருந்தது. கஞ்சித் தண்ணீரை ஒரு டம்ளர் இறக்க ஒரு மணிநேரம் ஆகும். இதை வாசிக்கும் நோயாளிகளுக்குச் சொல்கிறேன்: இந்த வாரங்களில் யாரும் உங்களைத் தேற்ற முடியாது. தேற்ற வருகிறவர்களைத் தாங்குவதற்குத் தனிப் பலம் வேண்டும்.

அப்படித் தேற்ற வந்தவர் என் கணவரின் அக்கா ஞானம்மா மதினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டாக்கடையிலிருந்து வந்து, எங்கள் ஊர் செபக்கூட்டத்துப் பெண்கள் எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். கையில் ஒரு சிறு குப்பி. பிளாசியார் சுரூபத்தின் முன் எரியும் விளக்கின் எண்ணெயில் பெருநாள் மெழுகுதிரியை உருக்கிச் சேர்ப்பது எங்கள் கோயில் வழக்கம். தொண்டை வலி என்றால் ஊரே அதைத்தான் தடவும்.

நான் கையை ஆட்டினேன். நோட்டில் “வேண்டாம்” என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். மதினி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

“எட்டி செலினே, கைய எடு. ஒண்ணும் ஆவாது. பிளாசியாருக்க எண்ணெயாக்கும்.”

இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மன்றாட்டு மாலை பாட, மதினி அழுத்தித் தேய்த்தார். நான் தலையை ஆட்டி மறுத்ததைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். சத்தம் போட்டிருந்தால் டாக்டரின் முதல் கட்டளையை மீறியிருப்பேன். போடாததால் இரண்டாவது போயிற்று. வழிந்த எண்ணெயைப் போக்க வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவியும் விட்டார்கள். கோடுகள் ஊதாத் தண்ணீராக என் சட்டையில் இறங்கின. கடைக்குப் போயிருந்த கணவர் திரும்பியபோது எல்லாரும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் டாக்டர் என் கழுத்தைப் பார்த்தார். தோல் உரிந்து கொப்புளம் கண்டிருந்தது.

“ஆரா இது செய்தது? நிங்ஙள் ஒரு டீச்சரல்லே?”

புண் ஆறும்வரை ஒன்பது நாள் சிகிச்சை நின்றது. நடுவில் நிறுத்தினால் நோய்க்கு இடம் கொடுத்தது போலாகும், இருந்தாலும் பார்ப்போம் என்றார். அந்த “பார்ப்போம்” ஒன்பது நாளும் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நாட்களில் பிளாசியார் சரித்திரத்தை எடுத்து, யாருக்காகவும் இல்லாமல் எனக்காக வாசித்தேன். எனக்கு வந்தது கோபம்தான். இரும்புச் சீப்பால் அவர் உடலைக் கிழித்தார்கள், பிறகு தலையை வெட்டினார்கள். தன் கழுத்தையே காப்பாற்றிக்கொள்ளாத ஒருவரிடமா என் கழுத்தைக் கொடுத்தேன்? இதையும் மதினி செய்ததையும் நாலு பக்கம் எழுதிச் சாமியாரிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே வாசித்தார்.

“டீச்சர், தொண்டையில மீன்முள்ளு சிக்கின பையன் கதைய நீங்கதான வருசாவருசம் வாசிப்பிய? அவனுக்க அம்மை அந்த நிமிசமே தூக்கிட்டு ஓடி வந்தா. பிளாசியாரு மேற்றிராணி (பிஷப்) மட்டுமில்ல, வைத்தியருமாக்கும். நீங்க வைத்தியர்ட்ட போவ எத்தன மாசம் எடுத்திய?”

ஐந்து மாதம். மதினி எனக்கு ஒன்பது நாளைக் கெடுத்தார். நான் ஐந்து மாதத்தைக் கெடுத்திருந்தேன், அதுவும் பிளாசியார் பெயரைச் சொல்லி. சாமியார்மேல் எனக்கு வந்த எரிச்சல் தீர ஒரு வாரம் ஆயிற்று. குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் டாக்டரிடம் போங்கள். மெழுகுதிரியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை முடிந்தது. டிசம்பரில் குரல்வளை சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் வீக்கம் வற்றவில்லை, அதனால் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் மட்டும் பேசலாம். எனக்கு வந்திருந்த குரல் அடித்தொண்டையில் உரசுகிற, கனத்த ஒன்று. கழுத்துத் தோல் கறுத்து மரத்துப்போயிருந்தது. தொட்டால் வேறு யாரையோ தொடுவதாக இருந்தது.

ரியாதில் வேலை பார்க்கும் எங்கள் மகனிடம் எதையும் சொல்லவில்லை. அம்மைக்குத் தொண்டைக்கட்டு, பேசமுடியாது என்று மாதக்கணக்கில் ஓட்டியிருந்தார் என் கணவர்.

பெருநாள் வந்தது. அன்று மகன் பக்கத்து வீட்டு போனில் கூப்பிடுவான். அவனுக்காக அந்த நாளின் ஐந்து நிமிடத்தையும் எடுத்து வைத்திருந்தேன். கோயிலில் எனக்குப் பதிலாகச் சரித்திரம் வாசித்தது, பெருநாளுக்கு வந்திருந்த மதினி. இந்த முறை கண்ணாடி இருந்தது, ஆனால் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பிளாசியார் பையனின் தொண்டைக்குள் மெழுகுதிரியை விட்டாராம், முள் உருகி ஓடிவிட்டதாம். முள் உருகுமா? அந்த மெழுகுதிரிகள் பிளாசியார் அடைபட்டிருந்த இருட்டுச் சிறைக்குப் பன்றிக்குட்டிக்கார விதவை கொண்டுவந்தவை என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் என்னிடம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் போன் வந்தது. கணவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

“மக்கா” என்றேன்.

“ஆரு பேசுது? அண்ணே, அம்மைட்ட குடுங்க.”

“நாந்தாம்லே, அம்மை.”

“வெளையாடாதீங்கண்ணே. அம்மையக் கூப்பிடுங்க.”

நான் பெற்ற பிள்ளை என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து அண்ணே என்கிறான். அழுகை வரும் என்று நினைத்தேன், ஆத்திரம்தான் வந்தது.

“எலே, ஆறு மாசமா தொண்டைக்கட்டுன்னா நம்பிட்டு இருப்பியா? சீக்காயிட்டு கெடந்தேன். இப்ப கொள்ளாம், சொகமாயிட்டு. இது எனக்க சத்தமாக்கும். இனி இதுதான்.”

மெதுவாக, “அம்மை?” என்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எனக்கு இன்னும் மூணு நிமிசந்தான் உண்டு, மக்கா. அழுது தீத்திராத.”

அவன் அழுதான். நான் பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.