சின்னக் கிட்டாருக்குப் பிக்கப் வைத்த கதை

ரேடியோ திருத்துகிறவன் கடைக்கு எதைக் கொண்டுவந்தாலும் அதிலிருந்து சத்தம் வந்தே ஆகவேண்டும் என்று ஊர் நினைக்கும். அப்படி ஒரு கடை வைத்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மாத்தளையில் என் கடைக்கு ஒருநாள் கிட்டார் வந்தது.

ஊசித்தலை

கொண்டுவந்தவர் செல்வம், மரக்கறி லொறி டிரைவர். பயணத்துக்கென்று சிறிதாகச் செய்த கிட்டார். லொறி சீட்டுக்குப் பின்னால் அடங்கிவிடும். ஓய்வு நாட்களில் கல்யாண வீடுகளில் ஒரு பாட்டுக்குழுவோடு வாசிப்பார்; டிரம் சத்தத்தில் அவர் கிட்டார் யாருக்கும் கேட்பதில்லை. அக்கோடியன் வாசிக்கும் ஹமீதுதான் குழுவுக்குத் தலைவர்; நானா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். வருகிற ஞாயிறு தம்புள்ளைக் கல்யாணத்திலும் கிட்டார் கேட்காவிட்டால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டாராம்.

கிட்டாரின் அதிர்வை வாங்கி ஆம்பிளிபயருக்கு அனுப்பும் சாமானுக்குப் பிக்கப் என்று பெயர். கடைகளில் அது கிடைக்காத காலம். பழைய கிராமபோன் ஊசித்தலைக்குள் இருக்கும், அதிர்வை மின்சாரமாக்கும் கிரிஸ்டலை எடுத்துக் கிட்டாருக்குள் ஒட்டினால் அதே வேலையைச் செய்யும் என்றேன். செல்வம் ஊசித்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது முன்ன பாடின பாட்டெல்லாம் நடுவுல வந்துறாதே, அண்ணே?"

துளை

வயர் வெளியே வர, கிட்டாரின் பக்கப் பலகையில் ஒரு துளை போடவேண்டும். அது மிக மெல்லிய பலகை. முதலில் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஐந்து துளைகள் போட்டுப் பழகினேன். மூன்று சுத்தமாக விழுந்தன, இரண்டு இடங்களில் பலகை கீறல் விட்டது. செல்வம் அந்த இரண்டையும் விரலால் தடவிவிட்டு எழுந்தார். "நீங்க போடுங்கண்ணே. நான் லொறிக்கு அடியில படுத்து எதையாவது பார்த்துக்கிட்டிருக்கேன், முடிஞ்சதும் கூப்பிடுங்க."

கை

துளை கீறல் விடாமல் விழுந்தது. ஆனால் கிரிஸ்டலை உள்ளே ஒட்டவேண்டுமே! கிட்டாரின் நடு ஓட்டைக்குள் என் கை நுழையவில்லை. அந்த நேரம் தேநீர் கொண்டுவந்த என் மனைவி கமலத்தின் கை நுழைந்தது. நான் சொன்ன இடத்தில், சொன்ன அளவு பசையோடு ஒட்டினாள். கையை வெளியே எடுக்கும்போது வளையல்கள் மாட்டிக்கொண்டன.

லொறிக்கு அடியிலிருந்து வந்த செல்வம் பதறிப்போனார். "அசையாதீங்க அக்கா, பலகை உடைஞ்சிரும்!" பசை கலையாமல் கையை மெல்லத் திருப்பும்படி நானும் சொன்னேன். கமலம் எங்கள் இருவரையும் பார்த்தாள். "ஒருத்தருக்குப் பலகை, ஒருத்தருக்குப் பசை. கை என்னோடதுதானே, நானே போய் சவுக்காரம் போட்டுக்கிறேன்."

தம்புள்ளைக் கல்யாணம்

ஆம்பிளிபயரைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். யார் கண்ணிலும் படாமல் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். முதல் பாட்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. ஹமீது நானா ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

இரண்டாம் பாட்டில் டிரம் ஓங்கியது. அப்போதுதான் செல்வத்தின் பழக்கம் எனக்குத் தெரியவந்தது. இரைச்சல் கூடினால் தாடையைக் கிட்டாரின் மேல் அழுத்தி, எலும்பு வழியாகத் தன் வாசிப்பைக் கேட்பார். தாளம் தவறாமலிருக்க வாய்க்குள் எண்ணுவார். கம்பி எது, தாடை எது என்று கிரிஸ்டலுக்குத் தெரியுமா? "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று ஸ்பீக்கர் மூக்கடைத்த குரலில் எண்ண ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். செல்வம் எதையும் கவனிக்கவில்லை.

சத்தத்தைக் குறைக்கக் குமிழில் கை வைத்தேன். அதற்குள் ஒன்று புலப்பட்டது: அதுவரை முந்திக்கொண்டு ஓடிய டிரம்காரர் அந்த எண்ணிக்கைக்கு அடித்துக்கொண்டிருந்தார். அக்கோடியனும் அதோடு சேர்ந்துகொண்டது. கையை எடுத்துவிட்டேன். பாட்டு எல்லாருக்கும் ஒரே இடத்தில் முடிந்தது.

பிறகுதான் யாரோ செல்வத்தின் காதில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று. வயரைக் கழற்றிக் கிட்டாரைப் பைக்குள் வைக்கக் குனிந்தார். ஹமீது நானா பக்கத்தில் வந்து நின்றார். "வயரை மாட்டு தம்பி. அடுத்த பாட்டுக்கு மூணு மூணா எண்ணணும்."

சத்தத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வருகிறவர்கள் எந்தச் சத்தத்தை என்று சொல்லாமல் போவதைத் தவிர, எங்கள் தொழிலில் வேறு பெரிய சிரமம் எதுவும் இல்லை.