தென்னேரி மல்லிகா இன்னும் முன்னாடியே எழுகிறாள்

இன்று உத்திரமேரூர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் தென்னேரி மல்லிகா. எண்பதுகளில் பள்ளிக்கூட கோ-கோ பைனலில் எங்களிடம் தோற்ற டீமின் கேப்டன்.

உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"அந்த ரெப்ரி மட்டும் இல்லன்னா கப்பு எங்க இஸ்கூலுக்குத்தான்மே வந்திருக்கும்."

கோ-கோவில், துரத்தி வருபவள் பின்னாலிருந்து முதுகைத் தொட்டு "கோ" சொன்ன பிறகுதான் குந்தியிருப்பவள் எழ வேண்டும். தென்னேரிக்காரிகள் அதற்கு முன்பே பாதி எழுந்துவிடுவார்கள். அதுவரை எந்த ரெப்ரியும் கண்டுகொண்டதில்லை. அந்த வருஷம் வந்தவர் ஒவ்வொரு தடவையும் விசில் அடித்துத் திரும்ப உட்கார வைத்தார். அந்த இடைவெளியில் கடைசி வரை பிடிபடாமல் ஓடியவள் நான்.

"விசில்தான்டி அவரோடது. ஓட்டம் என்னுது," என்றேன்.

"சும்மா இருமே. நாங்க எழுந்திரிக்கவே இல்ல. அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சி!"

ஸ்டாண்டு வந்தது. வண்டி நிற்பதற்குள் மல்லிகா பையோடு எழுந்துவிட்டாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார். "வண்டி நிக்கறதுக்குள்ள இன்னாம்மா அவசரம்? குந்தும்மா!"

குந்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்க நான் கைதட்டினேன்.

இன்னமும் ரெப்ரியைக் குறை சொல்லும் தென்னேரிக்காரர்கள் கமெண்டுக்கு வரலாம். கண்டக்டரைச் சாட்சிக்கு அழைத்து வருகிறேன்.