பாலிக் புலாவிலிருந்து பல் டாக்டர் வரை: மலை வளைவுகளும் வெள்ளைப் புள்ளிகளும்

போன சனிக்கிழமை எங்கள் ஊர் பாலிக் புலாவிலிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, தீர்ப்புக் கேட்க. என் மகள் தர்ஷினி பல்லுக்குக் கம்பி போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. போன தடவை டாக்டர் கம்பியைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, இவை கூடினால் சிகிச்சை முடியாமலே கம்பியைக் கழற்ற வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார். நீ ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று ஒரு மாதமாக அவளைத் திட்டினேன். விளக்குகிறேன் என்றாள். பொய் சொல்லாதே என்றேன். அதன் பிறகு தேவைக்கு மேல் அவள் என்னோடு பேசுவதில்லை.

காலை 8.40க்குப் பேருந்து. மலையேறி, ஆயர் ஈத்தாம் வழியாக டவுனுக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) எழுபது காசு கொடுத்தோம். மீதி தரமாட்டார்கள், சில்லறையோடு ஏறுங்கள். மூன்றாவது வளைவிலேயே தர்ஷினிக்குத் தலை சுற்றியது. பையிலிருந்து சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள். எங்கள் ஊர்ச் சரக்கு, புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

ஆயர் ஈத்தாம் சந்தையருகே நெரிசலில் வண்டி நின்றே விட்டது. பத்தரைக்கு டாக்டர். போய்விடுவோமா என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"பாசார் ஜாம் லா அக்கா. பறந்தா போக முடியும்?"

10.20க்கு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் காற்றடித்துப் பல்லைக் காயவைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்தார். கூடியிருக்கிறது என்றார். அவர் கேட்கும் முன்பே நான் மகளைப் பற்றிப் புகார் படிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஈறைப் பாருங்க அக்கா. பிரஷ் பண்ணாத பிள்ளைக்கு இது வீங்கி ரத்தம் வரும். இவ நல்லாதான் பண்றா. வேற என்னமோ வாயில இருந்துக்கிட்டே இருக்கு."

இனிப்புத் தண்ணீர் குடிப்பாயா, வாயைத் திறந்துகொண்டு தூங்குவாயா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். பஸ்ஸில் என்ன சாப்பிடுவாய் என்றதும் தர்ஷினி என்னைப் பார்க்காமலே ஜாதிக்காய்ப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். டவுனில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு, படிக்கிறாள். போக ஒரு மணி, வர ஒரு மணி, பள்ளி நாளெல்லாம்.

"யார் வாங்கித் தர்றது?" என்றார் டாக்டர்.

நான்தான் என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புளிப்பும் சர்க்கரையும் மணிக்கணக்கில் பல்லோடு ஒட்டிக்கிடந்தால் பல்லின் மேல்பூச்சில் உள்ள சத்து கரையுமாம். அந்த இடம் முதலில் வெள்ளையாகும், விட்டால் சொத்தையாகும். சின்னப் பிள்ளைகள் பற்பசையை அதிகம் விழுங்கினாலும் வெள்ளை விழுமாம், ஆனால் அது பல் முளைக்கும்போதே இருக்கும். ஃபுளோரைடு மருந்து பூசிவிட்டு, கம்பியைக் கழற்றாமல் ஆறு வாரம் தவணை கொடுத்தார். புதிய புள்ளிகள் மங்கலாம், பழையவற்றுக்கு உறுதியில்லை என்றார்.

திரும்பும்போது ஜாதிக்காய் இல்லை. மலையிறக்கத்தில் தர்ஷினி பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே, "என் தப்புதாம்மா. நீ பொய் சொல்லல" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

இந்த மலைப்பாதையில் வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். தலைசுற்றலுக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்குங்கள். வாயில் எதையும் அடக்கிக்கொள்ளாதீர்கள்; ஆசைப்பட்டதைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு வாயைக் கொப்பளியுங்கள். வாந்தி எடுத்தால் உடனே பல் விளக்காதீர்கள், அரை மணி பொறுங்கள். வெள்ளை தெரிந்தால் உப்பு, எலுமிச்சை என்று தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எழுதியதை வெளியிடும் முன் தர்ஷினியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரியாக, இது நாங்கள் இருவரும் செய்த தவறு என்று இருந்தது. அதை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். மாற்றியபடியே போடுகிறேன்: இது அம்மா செய்த தவறு.