அக்காவின் பாலர் பள்ளிக்கு வந்த வௌவால்கள்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் படத்தின் முன் நின்று, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்காவின் மகன்தான் என்னை எழுதச் சொன்னான். "சித்தி, நீங்களே எழுதிடுங்க. நான் உக்காந்தா அழுதுக்கிட்டேதான் இருப்பேன், முடிக்க மாட்டேன்," என்றான். நானும் அழாமல் எழுதவில்லை. எப்படியோ முடித்துவிட்டேன்.

அக்கா மலேசியாவில், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். அக்கா மூத்தவர், நான் கடைசி. எங்களுக்கு இடையில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனாலோ என்னவோ, என்னைக் கீழே விடவே அவருக்குப் பயம். நடக்கத் தெரிந்த பிறகும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிப் பாடம் எழுதுவார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

படித்து ஆசிரியராக வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவர் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டில் அப்பா மாரடைப்பில் காலமானார். தோட்டத்து வீட்டை விட வேண்டிவந்தது. பினாங்குத் தீவுக்கு வந்து, சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அக்கா ஆசிரியர் பயிற்சிக்குப் போகவில்லை. பாயான் லெப்பாசில் இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

திருமணமாகி மகன் பிறந்த பிறகும் அக்கா இரவு வேலையை விடவில்லை. அத்தான் துறைமுகத்தில் லாரி ஓட்டினார். ஒரு சம்பளத்தில் வீடு ஓடாது. காலையில் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி, பிள்ளைக்குச் சோறு ஊட்டி, என்னிடம் கொடுத்துவிட்டுப் படுப்பார். அறைக்கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்தப் பிள்ளை விளையாட்டுக் காரைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா, "உங்கம்மா எங்கடா?" என்று கேட்டதற்கு அவன், "எங்கம்மாவா? அவங்க எப்பவும் தூங்குவாங்க," என்றான். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு அது கேட்டிருக்கிறது. பல ஆண்டுகள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு எந்திரிச்சு வெளிய வந்து அவனத் தூக்கணும்னு இருந்துச்சும்மா. உடம்பு எந்திரிக்கல."

தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோது அக்காவின் பெயரும் அதில் இருந்தது. மற்றவர்கள் அழுதார்கள். அக்கா ஒரு வாரம் ஆசைதீரத் தூங்கினார். பிறகு பாலர் கல்வி வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் அவர்தான் வயதில் பெரியவர். சில ஆண்டுகள் வேறொரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்துவிட்டு, எங்கள் வட்டாரத்திலேயே ஒரு தரைவீட்டை வாடகைக்கு எடுத்து, சொந்தமாக ஒரு பாலர் பள்ளியைத் தொடங்கினார். அத்தான் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார். நான் மாலை நேரங்களில் போய் உதவுவேன். அக்காவின் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தான் திடீரென்று காலமானதும், அடுத்து கொரோனா நோய்த்தொற்று வந்து நாடே வீட்டுக்குள் அடைந்ததும் அக்காவை மிகவும் சோர்வாக்கின. பள்ளி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறக்க அனுமதி கிடைத்ததும் நானும் அவரும் துடைப்பம், வாளியோடு போனோம். வாசல் போர்ச்சில், பிள்ளைகள் காலணி கழற்றும் இடத்தில், தரையெல்லாம் மென்று துப்பிய ஜம்புப் பழச் சக்கை. சுவரில் கறை. நிமிர்ந்து பார்த்தால், கூரையின் மூலையில் வௌவால்கள். பழுப்பு நிறத்தில், இறக்கையைப் போர்த்திக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கின. நான் வாளியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அக்கா ஓடவில்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"மொகத்தப் பாரும்மா. நாய்க்குட்டி மாதிரி இல்ல?" என்றார்.

அந்த வாடகை வீட்டின் உரிமையாளர் ஒரு முதிய சீனர். எல்லோருக்கும் அங்கள். சுவரின் கறையைப் பார்த்தால் கோபிப்பார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவரோ வந்து பார்த்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். "ஓங் லா, டீச்சர், ஓங்! தானா வந்த அதிர்ஷ்டத்த வெரட்டக் கூடாது," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். சீனர்களுக்கு வௌவால் நல்ல சகுனமாம். நம் ஆட்களுக்கு அப்படி இல்லையே என்பதுதான் என் கவலை.

திரும்பி வந்த பிள்ளைகள் மிகக் குறைவு. வந்தவர்களும் முதல் நாள் போர்ச்சில் அலறினார்கள். ஒரு பையன், "அது ரத்தம் குடிக்கும்!" என்றான். அக்கா அவர்களை வகுப்புக்குள் உட்காரவைத்து, அத்தானின் பழைய கறுப்புக் குடையை விரித்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"இது என்ன தெரியுமா? வவ்வாலோட வெரலு. நம்ம வெரலு குட்டையா இருக்கு. அதுக்கு நீளமா இருக்கு. நடுவுல மெல்லிசாத் தோலு. கையாலதான் அது பறக்குது."

பிள்ளைகள் தங்கள் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். இந்த வகை வௌவால் பழம் தின்னும், ரத்தம் குடிக்காது, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும் என்று அக்கா சொன்னார். வாழைப்பூவும் டுரியான் பூவும் இரவில் தேன் வைத்துக்கொண்டு இந்த வௌவால்களின் சொந்தக்காரர்களுக்காகக் காத்திருக்கும் என்றார். "வவ்வாலு வந்து பூவத் தொடலன்னா நமக்கு டுரியான் பழம் ஏது?" என்றதும் அந்தப் பையனே, "அப்ப வெரட்டாதீங்க டீச்சர்!" என்றான். ஆனால் ஒரு சட்டத்தை அக்கா கண்டிப்பாக வைத்தார். கண்ணால் பார்க்கலாம், கையால் தொடவே கூடாது. கீழே விழுந்து கிடந்தாலும் தொடாமல் டீச்சரைக் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் வருமுன் அக்காவே முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி தெளித்துத் தரையைக் கழுவிவிடுவார்.

அந்த ஆண்டு யாழினி என்ற பெண் குழந்தை இருந்தாள். மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிடுவாள், கிள்ளுவாள், மதிய உணவைத் தொடமாட்டாள். அவளுடைய அம்மா தனி ஆளாக அவளை வளர்த்தார். இரவு வேலை, பாயான் லெப்பாசில்தான். ஒருநாள் யாழினி இன்னொரு குழந்தையின் கையைக் கடித்துவிட்டாள். அக்கா திட்டவில்லை. அவளை மட்டும் போர்ச்சுக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், ஏன் இதுங்க தூங்கிக்கிட்டே இருக்கு?"

"ராத்திரி பூரா வேல பாத்துட்டு வந்திருக்கு கண்ணு. எவ்வளவு தூரம் பறந்துச்சோ."

யாழினி நிமிர்ந்து வௌவால்களைப் பார்த்தாள். பிறகு, "எங்கம்மாவும் தூங்கிட்டே இருப்பாங்க. எங்கூட வெளாட மாட்டாங்க. அவங்களுக்கு என்னப் புடிக்காது," என்றாள்.

அக்கா அவளை அருகில் இழுத்துக்கொண்டார். கூரையில் ஒரு தாய் வௌவாலைக் காட்டினார். அதன் வயிற்றோடு ஒட்டி, இறக்கைக்குள் ஒரு குட்டி தெரிந்தது.

"தூங்குறப்பவும் அது குட்டியப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு பாரு. நானும் ராத்திரி வேல பாத்தவதான். எம்மகன் கதவுக்கு வெளிய உக்காந்திருப்பான். எனக்குக் கண்ணு தெறக்காது. ஆனா அவனப் புடிக்காம இல்ல. அவ்வளவு புடிக்கும்."

மறுநாள் பிள்ளைகள் போர்ச்சில் கூச்சல் போட்டபோது யாழினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதட்டினாள்: "சத்தம் போடாதீங்க லா! ராத்திரி வேலைக்குப் போயிட்டு வந்திருக்காங்க!"

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. யாரோ ஒரு பெற்றோர் கூரையைப் படம் எடுத்துப் பள்ளியின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். வௌவாலால்தானே நோய் பரவியது, வீட்டுக்குள் வந்தால் ஆகாது, புகைபோட்டு விரட்டுங்கள் என்று செய்திகள் வந்து குவிந்தன. குமார் என்ற தந்தை நேரிலேயே வந்தார். அவருடைய தாயாரை நோய்த்தொற்றில் பறிகொடுத்தவர்.

"டீச்சர், உங்க மேல மரியாத இருக்கு. ஆனா எம்புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். அதுங்க போகணும், இல்ல எம்புள்ள போகணும்."

இன்னும் சில பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிட்டால் வாடகை கட்ட முடியாது, பள்ளியை மூடவேண்டியதுதான். அது அக்காவுக்கும் தெரியும். "விரட்டிடுக்கா, எதுக்கு வம்பு?" என்று நானே சொன்னேன். அக்கா என்னைப் பார்த்து, "குட்டி இன்னும் பறக்கல. இப்பப் பொகை போட்டா அது கீழ விழுந்து சாவும். புள்ளைங்க தெனமும் பாத்துட்டு இருக்குங்கம்மா," என்றார்.

குமாரிடம் அவர் சண்டை போடவில்லை. அவருடைய பயம் நியாயமானது என்றே சொன்னார். அன்று முதல் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வரவும், போர்ச்சைக் கயிறு கட்டி மறிக்கவும் ஏற்பாடு செய்தார். குட்டி பறக்கத் தொடங்கியதும், வௌவால்கள் வெளியே போயிருக்கும் மாலை நேரமாகப் பார்த்துக் கூரையில் வலை அடித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு சாயங்காலம் எல்லாரும் புள்ளைங்களோட வாங்க. அதுங்க வேலைக்குப் போறதத் தள்ளி நின்னு பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க."

பாதிப் பேர்தான் வந்தார்கள். குமார் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே, சாலையில் நின்றார். யாழினியின் அம்மா வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான அழைப்பு முடிந்து, வானம் கறுக்கத் தொடங்கிய நேரம். முதல் வௌவால் இறக்கையை உதறி விரித்தது. பெரியவர்கள் பின்வாங்கினார்கள். அது ஓசையே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே போய் ஜம்பு மரங்களின் பக்கம் மறைந்தது. அடுத்தடுத்து மற்றவை போயின. கடைசியில் அந்தத் தாய் வௌவால், வயிற்றோடு ஒட்டிய குட்டியோடு, பாரத்தில் சற்றுத் தாழ்ந்து, பிறகு மேலெழுந்து பறந்தது.

பிள்ளைகள் "பை பை" என்று கையசைத்தார்கள். யாழினி மட்டும் தொண்டை கிழியக் கத்தினாள்: "பத்திரமா போயிட்டு வாங்க! காலையில வந்துருங்க! நான் சத்தம் போட மாட்டேன்!"

அவளுடைய அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டுலயும் இப்படித்தான் டீச்சர். கொஞ்ச நாளா நான் படுத்தா திரைய இழுத்து மூடி விடுறா. எதுக்குன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியல," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மகளை மடியில் இழுத்துக்கொண்டார். தொழிற்சாலைப் பேருந்து வரும்வரை இருவரும் எழவில்லை.

எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. திரும்ப வரவில்லை. குமாரின் மகன் தொடர்ந்து வந்தான். சில வாரங்களில் குட்டி தானே பறந்தது. அக்கா சொன்ன சொல்லை மீறாமல் வலை அடித்தார். வலையைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறியவர் குமார்தான். வௌவால்கள் சாலைக்கு அப்பால் ஒரு பனைமரத்தின் ஓலைக்கடியில் குடியேறின. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் புதிய பிள்ளைகளைப் பெற்றோரோடு ஒரு மாலை அந்த மரத்தருகே அழைத்துப்போவது அக்காவின் வழக்கமானது.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றிவிட்டிருந்தது. முடிந்தவரை வகுப்புக்குப் போனார். பிறகு படுக்கையிலேயே இருந்தார். மகன் விடுப்பெடுத்து வந்து, தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். ஒரு பிற்பகல், தூங்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "எழுப்பாதம்மா," என்று மட்டும் என்னிடம் சைகை காட்டினார்.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், நோயின் கடைசி மாதங்களில் வாடகையே வாங்காத அங்களுக்கும், இறுதிச் சடங்கில் முன்னின்று எல்லா ஓட்டமும் ஓடிய குமாருக்கும், இரவு வேலை முடிந்த களைப்போடு வந்து அக்காவுக்குத் தலைவாரிவிட்ட யாழினியின் அம்மாவுக்கும், தேவாரம் பாடிய கோயில் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு நன்றி இருக்கிறது. அது அக்காவின் கடைசி வகுப்பில் படித்த ஒரு சிறுமிக்கு. பெற்றோருடன் பார்க்க வந்தவள் கட்டிலருகே நின்று, "டீச்சர், நீங்க செத்துப் போயிருவீங்களா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். நாங்கள் எல்லோரும் அதுவரை, "சரியாயிடும், சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அக்கா அந்த அம்மாவின் கையை விலக்கச் சொன்னார்.

"ஆமா கண்ணு," என்றார். "ஆனா இன்னிக்கு இல்ல."

"அப்ப இன்னிக்கு கதை சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் கட்டிலில் ஏறி அக்காவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

அக்கா சொன்னார்.