பச்சைப் பிரியாணியும் நீலக் கல்யாணமும்

கல்யாண வீடியோ எடிட்டிங் என்பது, நடந்து முடிந்த கல்யாணத்தைப் போட்டுக் காட்டும்போது, 'இது எங்க கல்யாணம்தானா?' என்று அந்த வீட்டுக்காரர்களே கேட்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளும் தொழில்.

எனக்கு இது தற்செயலாக வந்தது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், ஜமால் பாய் ஸ்டூடியோ வைத்திருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். ஊரே கேசட்டிலிருந்து சிடிக்கு மாறிக்கொண்டிருந்தது. பாயும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, அதை இயக்க டைப்பிங் தெரிந்த பெண் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். டைப்பிங்குக்கும் எடிட்டிங்குக்கும் சம்பந்தமே இல்லை என்பது நான் சேர்ந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. வெட்டுவது, ஒட்டுவது, ஆர்ட்டினுக்குள் மாப்பிள்ளை முகத்தைப் பறக்கவிடுவது எல்லாம் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. நிறம் மட்டும் பிடிபடவில்லை. சொல்லித்தர ஆளில்லாமல் ஏதோ ஒரு சாஃப்ட்வேரின் மெனுக்களுக்குள் தொலைந்துபோனவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

பிரியாணிக்கு வந்த சோதனை

பாய்க்கு ரொம்ப வேண்டிய குடும்பம். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த வலிமா விருந்தை எடுத்திருந்தோம். மண்டபம் முழுக்க டியூப் லைட். டிவியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாமே பச்சை. விருந்தாளிகளின் முகம் பச்சையாக இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அத்தா, ஊரில் பெரிய துணிக்கடைக்காரர், பார்த்தது பிரியாணியை. "பாய், இந்த சிடி துபாய்க்குப் போவுது. அங்க கீற என் தம்பிங்க இன்னா நினைப்பானுங்க? கெட்டுப்போன சோத்த ஊருக்கே போட்டுட்டேன்னு சொல்ல மாட்டானுங்க?" என்றார். பாய் என் பக்கம் திரும்பினார். "நான் ஜும்மா தொழுதுட்டு வர்றதுக்குள்ள பச்சை போயிடணும்மா."

மெனுவில் 'கலர்' என்ற சொல்லைத் தேடினேன். முதலில் கிடைத்த கலர், எழுத்துக்கானது. சிடியின் தொடக்கத்தில் வரும் 'நல்வரவு' சிவப்பாகிவிட்டது. அடுத்த கலர் பின்னணிக்கானது. திரை முழுக்க ஊதா வந்து மாப்பிள்ளையே காணாமல் போனார். பொறுமையிழந்து மானிட்டரின் பட்டனைத் திருகினேன். பச்சை போயே போய்விட்டது! டிவியில் போட்டுப் பார்த்தால் பிரியாணி பழையபடிதான். மானிட்டருக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். கடைசியில், பக்கம் புரளுவது, தண்ணீர் அலையடிப்பது மாதிரியான எஃபெக்ட் குப்பைகளுக்கு நடுவில், 'இமேஜ் கண்ட்ரோல்' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள், நகர்த்துவதற்கு ஆளுக்கொரு குமிழ். பச்சையைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். அரிசி வெளுத்தது, மசாலா சிவந்தது, கறித்துண்டு கறித்துண்டாக ஆனது. நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். அறையில் வேறு யாராவது இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

தொழுகை முடிந்து பாயுடன் மாப்பிள்ளையின் அத்தாவும் வந்தார். டிவிக்கு மிக அருகில் போய் நின்று பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்பத்தான்மா வாசனையே வருது."

வெள்ளை எங்கே?

எங்கள் கேமராமேன் தயாளன் நல்ல வேலைக்காரன், ஆனால் அவசரக்காரன். படம் எடுக்குமுன் ஏதாவது ஒரு வெள்ளைப் பொருளைக் கேமராவுக்குக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று அதற்குப் புரியவைக்க வேண்டும். தயாளன் வழக்கமாக மாப்பிள்ளையின் வேட்டியைக் காட்டிவிட்டு ஆரம்பித்துவிடுவான். அச்சரப்பாக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை கட்டியிருந்தது மஞ்சளில் நனைத்த வேட்டி. மஞ்சளையே வெள்ளை என்று நம்பிவிட்ட கேமரா, மீதி உலகத்தையெல்லாம் நீலமாக்கிவிட்டது. "இன்னாடா தயாளா, பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் பாம்பு கடிச்சா மாதிரி கீது?" என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்ணின் அண்ணன் ராணுவத்தில் இருந்தார். லீவு கிடைக்காமல் ஒரே தங்கையின் கல்யாணத்துக்கு வரமுடியாமல் போனவர். அவர் பார்ப்பதற்கு இந்த சிடி ஒன்றுதான்.

அதற்குள் நான் கொஞ்சம் முன்னேறியிருந்தேன். சொட்டு மருந்து விடும் குழாய் மாதிரி ஒரு படம் சாஃப்ட்வேரில் உண்டு. அதை எடுத்து, நிஜத்தில் வெள்ளையாக இருந்த ஒரு பொருள் மேல் தொட்டால், மற்ற நிறங்களைத் தானே சரிப்படுத்திவிடும். ஆனால் கல்யாண வீட்டில் எதுதான் வெள்ளை? மல்லிகையைத் தொட்டேன், சரியாக வரவில்லை. பெண்ணின் அப்பாவுடைய சட்டையைத் தொட்டேன். அவர் வீட்டில் சொட்டு நீலத்தைத் தாராளமாகவே போட்டிருந்தார்கள். மொத்தக் கல்யாணத்துக்கும் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், தாலி கட்டும் காட்சியில் ஓரமாக ஒரு குடை. போட்டோகிராபர் தன் ஃபிளாஷ் லைட்டுக்கு வைத்திருந்த வெள்ளைக் குடை. எல்லாக் காட்சியிலும் குறுக்கே நிற்கிறது என்று தயாளன் திட்டித் தீர்த்த அதே குடை. தொட்டேன். நீலம் வடிந்து, அக்கினி அக்கினி நிறத்துக்கு வந்தது. பெண்ணின் முகத்தில் குங்குமம் தெரிந்தது. தயாளன் விசிலடித்தான்.

லீவு கிடைத்ததும் அண்ணன் நேராக ஸ்டூடியோவுக்கே வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் பார்த்தார். தாலி கட்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிடி முடிந்ததும் கேட்டார்: "எல்லாம் நல்லா கீது மேடம். யாரு அந்தக் குடைக்காரன், தாய்மாமன் மாதிரி எல்லாத்துலயும் வந்து நிக்கிறான்?"

கடலில் மறைந்த சூரியன்

வெற்றி தலைக்கேறியிருந்த சமயம் இது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு உண்டு. கல்யாணம் முடிந்து ஜோடியைக் கடற்கரையில் நடக்கவிட்டு ஒரு பாட்டுக்கு எடுத்திருந்தோம். மேக்கப் முடிந்து அவர்கள் வந்து சேர்ந்தது உச்சி வெயிலில். மணல் கண்ணைக் கூசவைத்தது, முகங்கள் தெரியவில்லை. நான் யோசித்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், நீலத்தை இறக்கினேன், சிவப்பை ஏற்றினேன். வானம் ஆரஞ்சானது, கடல் தங்கமானது. போதாதென்று ஒரு சூரியனையும் கடல் விளிம்பில் ஒட்டினேன். தயாளன், "சினிமாக்காரங்க வந்து உன்னக் கூப்பிட்டுகினு போயிடப் போறாங்க வசந்தி" என்றான்.

மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் பார்க்க வந்தார்கள். அவன் ரசித்துப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "சூப்பரா கீது மேடம். ஆனா நம்ம கடல்ல சூரியன் சாயங்காலம் மறையாதே, கரைப் பக்கம் இல்ல மறையும்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கிழக்குக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "இது காலைல உதிக்கிற சூரியன்தாங்க" என்று அடித்துவிட்டேன். அவன் ஒப்புக்கொண்டான். அவன் அம்மாதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "காலைலன்னா எம் புள்ள கடல் மேல இல்ல போயிருப்பான், இங்க பொண்டாட்டி கையப் புடிச்சிகினு இன்னாத்துக்கு நிக்கிறான்?"

சூரியனை மட்டும் எடுத்துவிட்டேன். ஆரஞ்சு வானத்தை அந்த அம்மா வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது நன்றாக இருக்கிறதாம்.

கொஞ்சம் தூக்கிக் காட்டு

எங்கள் தொழிலில் எல்லாரும் கேட்கிற உதவி ஒன்று உண்டு. கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மாவும் அதைத்தான் கேட்டார். "கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றியாமே? பொண்ணக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா." கலரைத் தூக்குவது என்றால், பெண்ணைச் சிவப்பாகக் காட்டுவது. மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நல்ல கறுப்பு, என்னைப் போல.

வாடிக்கையாளர் சொன்னால் செய்யவேண்டியதுதான். தூக்கினேன். முகம் வெளுத்தது. கூடவே தங்கச் சங்கிலியும் வெளுத்தது, அரக்குப் புடவை ரோஸாகிவிட்டது. மருமகள் திரையைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "அத்தை, நான் இந்தக் கலர்லதானே உங்க வீட்டுக்கு வந்தேன். இப்படியே இருக்கட்டுமே" என்றாள். பாய் டீ வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் செய்ததையெல்லாம் அழித்தேன். டியூப் லைட்டின் பச்சையை மட்டும் எடுத்தேன். நிழலைக் கொஞ்சம் ஆழமாக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கறுப்பு முகத்தில் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. மூக்குத்தி மின்னியது. தங்கம் தங்கமாகவும் அரக்கு அரக்காகவும் இருந்தன. மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஒன்றில் தோற்றிருந்தால் அடுத்த நாள் வேலைக்கு வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு என் மேல்தான் பாய்ந்தார்: "இதுதாம்மா எம் மருமக! அப்பவே இதப் போட வேண்டியதுதானே, எதுக்கு என் பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்தே?"

ஒரு கல்யாணத்தில் எது என்ன நிறம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கேமராவுக்கும் இல்லை, கம்ப்யூட்டருக்கும் இல்லை, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும்தான் என்று ஒப்புக்கொண்ட நாளிலிருந்து, இந்தத் தொழிலில் எனக்குத் தோல்வியே கிடையாது.