ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம்

எனக்கு வாய் அதிகம். வீட்டில் சொன்னார்கள், தொழிற்சாலையில் சொன்னார்கள், கும்மிடிப்பூண்டி காலை வண்டியில் என்னோடு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொண்டதே இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், அட்டை கிழிந்த ஒரு ஜப்பான் குஸ்திப் பத்திரிகைதான் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது.

அப்போது நான் திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. எந்த ஆளின் டோக்கன் பலகையில் தொங்குகிறது, எது தொங்கவில்லை என்று நாள் முழுக்க எண்களைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். அங்கேயே ஃபிட்டராக இருந்தவன் என் சிநேகிதன். மீஞ்சூரில் ஏறுவான். நல்ல வாட்டசாட்டமான ஆள். முதலில் அவன் மீசை பெட்டிக்குள் வரும், பிறகுதான் அவன் வருவான் என்று கேலி செய்வோம். அந்த மீசையை முறுக்கிவிட எவ்வளவு நேரம் பிடித்தாலும் வண்டியை மட்டும் அவன் தவறவிட்டதில்லை.

எங்கள் பெட்டியில் அரசியல் பேசினால் சண்டை வரும், சினிமா பேசினால் அடிதடியே வரும். ஆகவே குஸ்தி பேசினோம். சென்னையில் ஃப்ரீ ஸ்டைல் குஸ்தி என்று போஸ்டர் ஒட்டினால் போதும், நானும் ஃபிட்டரும் போய்விடுவோம். ஒருமுறை ஜப்பான்காரன் ஒருவன் மேடை ஏறியதும் ஒரு கை உப்பை வாரி நாலா பக்கமும் தூவினான். ஃபிட்டர் பெஞ்சு மேல் ஏறி நின்று, "அத்திப்பட்டு உப்பளத்து உப்புபா அது! எங்க ஊரு உப்ப எட்த்துக்கினு வந்து எங்க ஆளையே அடிப்பியா?" என்று கத்தினான். ஜப்பான்காரன்தான் ஜெயித்தான். அன்று முதல் ஃபிட்டருக்கு ஜப்பான் பைத்தியம் பிடித்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அந்தப் பத்திரிகை கிடைத்தது. கப்பலில் வந்த பழைய காகிதக் கட்டோடு சேர்ந்து வந்ததாம். இரண்டு அட்டையும் இல்லை. உள்ளே ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் குஸ்திப் படங்கள். ஃபிட்டர் இல்லாமல் பார்ப்பது துரோகம் என்று நினைத்துப் பிரிக்காமலே வைத்திருந்தேன். அந்த அளவுக்கு நல்லவனாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை மீஞ்சூரில் அவன் ஏறியதும் சட்டம் போட்டான். "அல்லாத்தையும் ஒரேடியா பாத்தா அப்பால இன்னா கீது? ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம்தான்." பெட்டியே ஆமோதித்தது. வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்பினால்தான் அடுத்த பக்கத்தைத் திருப்பலாம்.

முதல் பக்கத்தில் ஒரு கைக்கடிகாரம். ஜெயிக்கிறவனுக்குப் பரிசு அது என்று நான் சொல்லிவிட்டேன். வண்டி மீஞ்சூரை விட்டதும் திருப்பிய அடுத்த பக்கத்தில் தொப்பையும் தொடையுமாக ஒரு பயில்வான், இரண்டு கையாலும் பெல்ட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றான். பெயர் படிக்கத் தெரியாததால் அவனுக்கு அண்டா என்று பெயர் வைத்தோம். நந்தியம்பாக்கம் தாண்டியதும் வந்த படத்தில் அண்டா ஒருவன்மேல் படுத்து அமுக்கிக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவன் முகமூடி போட்டிருந்தான். முகமூடி காதோரம் கிழிந்திருந்தது.

"என் ஆளுபா அண்டா. இவன்தான் ஜெயிப்பான்" என்றான் ஃபிட்டர். அவனும் அண்டா சைஸ் என்பதால் வந்த பாசம் அது. என்னால் சும்மா இருக்க முடியுமா? முகமூடிதான் ஜெயிப்பான் என்றேன். பேச்சு வளர்ந்து, தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும் என்று முடிந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சாட்சி.

அத்திப்பட்டில் முகமூடி எழுந்துவிட்டான். எண்ணூரில் இருவரும் சரிசமமாகக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கத்திவாக்கம் தாண்டித் திருப்பினால், முகமூடி தன்னந்தனியாக, இரண்டு கையையும் உயர்த்தி ஜனங்களைப் பார்த்து நிற்கிறான். நான் சீட்டின் மேலேயே ஏறிவிட்டேன்.

ஃபிட்டர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். "இன்னாபா இது, இவன் ஒடம்புல ஒரு சொட்டு வேர்வ இல்ல?"

"ஜப்பான் குளிர் ஊருபா."

"முகமூடி கிஞ்சி போச்சே. இப்ப நல்லா கீது?"

"வேற மாட்டிக்கினான்."

"அப்ப பெல்ட்டு எங்க?"

"தொடச்சிக் குடுக்க எடுத்துக்கினு போயிருப்பாங்க. தோத்தவன் கேக்குற கேள்வியா இது?"

அவன் மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். மறுநாள் மீஞ்சூரில் ஏறியபோது எங்களுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. மூக்குக்குக் கீழே வெறும் மேலுதடு. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

சிரித்துத் தீர்த்த பிறகுதான் ஒருவர், "ஏம்பா, வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு உனக்குக் கல்யாணமாச்சே?" என்றார். ஆமாம். எங்கள் பக்கத்தில் வயசுப்பிள்ளை மீசையை மழித்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். அவன் தெருவில் இரண்டு கிழவிகள் அழுதுகொண்டே துக்கம் கேட்க வந்தார்களாம். ஊத்துக்கோட்டையிலிருந்து பெண்ணின் மாமன் பஸ் பிடித்து வந்து, ஃபிட்டரின் அப்பா அம்மா இருவரையும் நேரில் பார்த்து, அவர்கள் கொடுத்த நாஷ்டாவைச் சாப்பிட்ட பிறகுதான் நம்பினாராம்.

புதன்கிழமை இதையெல்லாம் சொல்லி, "ஒரே பேஜாரு" என்றான் ஃபிட்டர், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நானோ அடுத்த பெல்ட் குஸ்திகளை முடிவு செய்துகொண்டிருந்தேன். பத்திரிகையின் இன்னொரு பக்கத்தில் நெட்டையாக ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் தென்னமரம். முகமூடியோடு அடுத்து மோதப்போவது தென்னமரம்தான், அதற்கடுத்து தாடிக்காரன் என்று வருகைத் தாளின் பின்பக்கத்தில் அட்டவணையே போட்டேன். அண்டாவுக்கு அதில் இடமில்லை. "அவன் கதை முடிஞ்சிபோச்சி" என்றேன். ஃபிட்டர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை பொன்னேரியில் பாய் ஏறினார். பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம், சரக்கு எடுக்க வாரம் ஒருமுறை சென்னைக்குப் போவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், குஸ்தி என்றால் சோறு வேண்டாம். மற்றவர்கள் சீட்டாட்டத்தில் மூழ்கியிருந்த நேரம், பத்திரிகையைக் கேட்டார், கொடுத்தேன். ஓதும் அரபுக் கிதாபை எப்படிப் பிரிப்பாரோ அப்படி அதை வலது பக்கத்திலிருந்து பிரித்தார். ரசித்து ரசித்துப் பக்கம் புரட்டினார். அனுப்பம்பட்டு வந்தபோது, "பலே! கடைசில குண்டன் பெல்ட்ட அடிச்சிட்டானே!" என்றார்.

"பாய், தலைகீழா பாக்குறீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நம் ஊரில் எழுதும் அதே எண்கள், பொடியாக, வலமிருந்து இடமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நாள் முழுக்க எண்களையே பார்த்துச் சம்பளம் வாங்கும் நான் அதைப் பார்க்கவில்லை.

"கிஞ்ச முகமூடி எந்த ஊர்ல தம்பி தானா தெச்சிக்கும்?" என்றார் பாய். பிறகு என்னிடம் பந்தய விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மீஞ்சூர் வந்துவிட்டது. மொட்டை உதட்டோடு ஃபிட்டர் ஏறினான். நான் பத்திரிகையை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தேன். பாய் என் ஜன்னல் சீட்டைக் கண்ணால் காட்டினார். எழுந்து கொடுத்தேன்.

சொல்லியிருக்கலாம். திருவொற்றியூர் வருவதற்குள் பத்துத் தடவை சொல்லியிருக்கலாம். என் மீசை அப்படி ஒன்றும் பெரியதல்ல, போனால் பதினைந்து நாளில் வந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டியில் யாருக்கும் நான் தப்பு என்று தெரியக்கூடாது. அதற்காக ஒரு வாரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அத்தனை நாள் நான் வாயை மூடியிருந்தது அப்போதுதான், அதுவும் தப்பான இடத்தில். அடுத்த வியாழனும் பாய் வந்தார், ஒன்றும் கேட்காமல் நேராக ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார்.

கல்யாணத்தன்று அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மீஞ்சூர் ஸ்டேஷன் எதிரில் சலூனில் உட்கார்ந்து, மீசையைக் காட்டி "எட்த்துடு" என்றேன். கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபிட்டரின் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, உங்க ஊட்லயுமா?" என்று கண் கலங்கினார்.

ஃபிட்டர் மாப்பிள்ளைக் கோலத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்துத் திகைத்தான். நான் அவன் பக்கத்தில் குந்தி, பரிசுப் பொட்டலத்தைப் பிரித்துப் பத்திரிகையை அவன் மடியில் வைத்தேன். "இந்தப் பக்கத்துலருந்து பாரு. இப்டித்தான் பாக்கணுமாம். எனக்குப் போன வாரமே தெரியும்."

முகமூடி கை உயர்த்தி வந்தான். கழுத்தைப் பிடித்தார்கள். முகமூடி கிழிந்தது. அண்டா அமுக்கினான். கடைசியில் பெல்ட். ஃபிட்டர் அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் அடிப்பான் என்று நினைத்துத் தோளைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"அப்ப என் ஆளுதான் ஜெயிச்சானா?" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "மீச கெடக்குதுபா, மொளைக்கும். அவன் கத முடிஞ்சிபோச்சின்னு சொன்ன பாரு, அன்னிலருந்து எனக்குச் சோறே எறங்கல. கல்யாணப் புடவ எடுக்கப் போனப்பகூட அதே நெனப்பு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன் மீசைக்காக ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தையில் அவனைச் சிரிக்க வைத்திருக்கலாம். அதை ஒரு வாரத்துக்கு மேல் சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன். "தப்பு என்னுதுதான்" என்றேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

ஐயர் மாப்பிள்ளையை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். பக்கத்தில் தலை குனிந்திருந்த மணப்பெண்ணும் பத்திரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா பாக்குற? இவன்தான் நம்ம ஆளு" என்று அவளிடம் அண்டாவைக் காட்டிவிட்டு, ஃபிட்டர் என் பக்கம் திரும்பினான்.

"பெல்ட்டு நம்ம ஆளு கைல கீது. அடுத்த மேட்சு யாரோட? தென்னமரம்தான? ஜெயிப்பானா?"

நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரி செய்துகொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதுபா" என்றேன். அவனிடம் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.