அப்பா சொன்ன சங்கீதம்

எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நேற்று ஒருவர் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சட்டையிலிருந்து வந்த மெஷின் ஆயில் வாசனை என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அன்றும் வேலம்பாளையத்தில் இதே விழா. வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் ஒப்பிக்க மேடையேறிய நான் நான்காம் வசனத்தில் மறந்துபோய் நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. அப்போது கடைசி வரிசையில் அப்பா எழுந்தார். பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்ததால் தலையெல்லாம் பஞ்சு. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த அவருக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. ஆனால் நான் விட்ட இடத்திலிருந்து கடைசி வசனம் வரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார். ஒரு மாதமாக நான் வீட்டில் உரக்கப் படித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்.

சங்கச் செயலாளர் பரிசு டம்ளரை எடுத்து, “அண்ணா, இது உங்களுக்குத்தானுங்க. மேல வாங்க,” என்றார்.

“பிள்ளைக்குக் குடுங்க. அவ சொல்லித்தான எனக்குத் தெரியும்,” என்றார் அப்பா.

வீட்டுக்கு நடக்கும்போது தயங்கியபடி என்னிடம் கேட்டார்: “ஏட்டி, அடுத்த சங்கீதம் எப்பப் படிப்ப?”

அப்பா போய்ப் பல வருடங்களாகின்றன. இன்றும் வேதாகமத்தை எனக்கு மனதுக்குள் வாசிக்க வருவதில்லை. வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன்.